இருபதாவது பெயர்

மூன்றேகாலுக்கு மணி அடிக்கும்.
அதற்குமேல் இந்தக் கட்டடம் என்னுடையது
என்றுதான் பதினோரு வருஷம் நினைத்திருந்தேன்.
நானும் துடைப்பமும்,
கொதிகலன் அறையில் கரகரக்கும் ரேடியோவும்.
ஜன்னலில், மூடிக்கிடக்கும் இரும்பாலைக்கு அந்தப்புறம்
ஈரி ஏரி,
ஈரத்துணியால் துடைத்த கரும்பலகை நிறத்தில்.

பிறகு இவர்கள் வந்தார்கள்.
சாப்பாட்டுக்கூடக் கதவில் ஒரு தாள் ஒட்டினார்கள்:
ஒன்றிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை,
மாலை ஆறு மணி வரை, கட்டணம் கிடையாது.
ஆங்கிலத்தில் ஒரு தடவை, ஸ்பானிஷில் ஒரு தடவை.
இலவசமாம்.
சிந்திய ஜிகினாவை அள்ளுகிறவனுக்கும் சேர்த்தா
என்று அந்தத் தாளில் இல்லை.

கூட்டின இடத்தையே மறுபடி கூட்டினேன்.
ஆரஞ்சுத் தோல், பசைக்குச்சியின் மூடி,
பாதியில் நின்றுபோன ஏழாம் வாய்ப்பாடு,
ஒரு பல்.
நிஜப் பல்.
தூக்கிப்போட மனசு வரவில்லை, தாளில் மடித்து வைத்தேன்.
மறுநாள் டேவியோன் வந்து
அடகு நகையை மீட்கிறவன் மாதிரி கையை நீட்டினான்.
ஒரு புதன்கிழமை சமையல் சோடாவில் எரிமலை செய்தார்கள்.
கூரையில் இன்னும் இருக்கிறது கறை.
மேகம் மாதிரி என்கிறாள் ரெனெட்டா.
எனக்குக் கறை மாதிரித்தான் தெரிகிறது.

ஆறு மணிக்கு அம்மாக்கள் வருவார்கள்,
முதியோர் இல்லத்துச் சீருடையோடு,
கிடங்கின் அட்டைத் தூசியோடு,
ஸாரி ஸாரி என்று நுழையும்போதே சொல்லிக்கொண்டு.
தாமதத்துக்கு அபராதம் இல்லை என்று
ரெனெட்டா எத்தனை முறை சொன்னாலும்
கை தானாகப் பைக்குள் போகும் அவர்களுக்கு.

யாரெலிஸின் அம்மாவுக்கு இரண்டு பஸ்.
பனி கொட்டினால் இரண்டாவது வராது.
கடிகாரத்துக்குக் கீழே பெஞ்சில் உட்கார்ந்து படிப்பாள்.
நான் மாப்போடு அவள் பக்கம் போனால்
புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல்
இரண்டு காலையும் தூக்குவாள்.
துடைத்து முடித்ததும் இறக்குவாள்.
அந்தக் குளிர்காலம் முழுக்க
எங்கள் பேச்சுவார்த்தை அவ்வளவுதான்.

மே மாதம் ஒரு கடிதம்.
கோடை வகுப்பு வேண்டுமென்றால் இருபது தலை வேண்டும்.
ஒமாரியின் வீட்டார் கிளீவ்லாண்டுக்குப் போய்விட்டதில்
பத்தொன்பது.
ரெனெட்டா மேலிருந்து கீழே எண்ணினாள்,
கீழிருந்து மேலே எண்ணினாள்.
சில்லறை குறையும்போது பர்ஸைக் கவிழ்த்துத் தட்டுவார்களே,
அப்படி.

பிள்ளைகளுக்குக் காது இருக்கிறது.
வெள்ளிக்கிழமை, கொதிகலன் அறை வாசலில் யாரெலிஸ்,
கையில் ஊதா மையில் நிரப்பிய விண்ணப்பம்.

பெயர்: மிஸ்டர் காசிக்.
வயது: நிறைய.
வகுப்பு: இரண்டு.
ஒவ்வாதவை: ஜிகினா.
நீந்தத் தெரியுமா: தெரியாது போலிருக்கு.
மாலையில் அழைத்துப்போக வருபவர்:

அந்தக் கோட்டில் மட்டும் மை இல்லை.
"இங்க யாரைப் போட?" என்றாள்.
ரேடியோவைக் குறைக்கக் கை நீட்டினேன்.
அது ஏற்கெனவே அணைந்துதான் இருந்தது.
கொஞ்சம் பொறுத்துப் பார்த்தாள்.
பிறகு பேனா மூடியைப் பல்லால் கழற்றி
தன் பெயரை எழுதினாள்.
"ரெண்டு பஸ். எனக்கு வழி தெரியும்."

ரெனெட்டா அதைக் கணக்கில் சேர்க்க முடியாது என்றாள்.
கிழிக்கவும் இல்லை.
இருபதாவது ஆள் வேறு வழியில் வந்தான்:
டேவியோனின் ஒன்றுவிட்ட தம்பி, ஆறு வயது,
கடிப்பான்.

இப்போது ஜூலை, வியாழக்கிழமை.
நகராட்சி நீச்சல் குளத்துக்கு வேன் போக
பெரியவர் இன்னொருவர் வேண்டுமாம். அதனால் நான்.
நாற்பது வருஷம் ஏரிக்கரையில் குடியிருந்து
முழங்காலுக்குமேல் நனைந்ததில்லை.
ஆழமில்லாத பக்கம் கம்பியை இறுகப் பிடித்தபடி நிற்கிறேன்.
பக்கத்தில் யாரெலிஸ்,
நீச்சல் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு,
பொறுமையில்லாமல் சொல்கிறாள்:
"காலைத் தூக்குங்க, மிஸ்டர் காசிக்.
ரெண்டையும்."